எருக்கஞ்செடியை விட்டுவிட்டுக் குப்பையை அள்ளலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொள்ளிடக் கரையில் சமீபத்தில் ஓர் அமைப்பு நடத்திய தூய்மைப் பணியைப் பற்றி எழுதுகிறேன். பிளாஸ்டிக் பைகள், பழைய துணிகள், உடைந்த சாமி படக் கண்ணாடிகள் என்று மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் வெயிலைப் பொருட்படுத்தாமல் உழைத்தார்கள். அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் குப்பையை அள்ளி முடித்த பிறகு ஜேசிபி வந்தது. எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் வேரோடு வழித்துப் போட்டார்கள். கரை மொட்டையானதும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இதே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூர் பக்கம், மேலணைக் காப்புக்காட்டில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015 நவம்பரில் திறந்தது, 25 ஏக்கருக்கு மேல் பரப்பு. புழுக்களுக்கு இரையாகும் செடிகளையும் தேன் தரும் செடிகளையும் அங்கே தேடித் தேடி நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பட்டாம்பூச்சிக்குப் பூங்காவின் வேலி தெரியுமா? அது ஆற்றோரமாகப் பறந்து போகும் இடத்தில், தானாக முளைத்த செடிகளை நாம் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். எந்தப் பாடப் புத்தகத்தையும்விட ஓர் எருக்க இலை அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் அனுபவம். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி வந்து போயிருந்தால் வெள்ளையாக ஒரே ஒரு முட்டை ஒட்டியிருக்கும், குண்டூசித் தலையை விடச் சின்னது. சில நாட்களில் புழு வெளியே வரும். வந்ததும் முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும், அப்புறம்தான் இலை. கொஞ்சம் வளர்ந்ததும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகளோடு, யாருக்கும் பயப்படாமல் இலைமேல் உட்கார்ந்திருக்கும். ஏன் பயமில்லை? எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்திருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது. அந்த நஞ்சு பட்டாம்பூச்சியான பிறகும் தொடர்கிறது.

மற்றவையும் இப்படித்தான். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் கறிவேப்பிலை அழகியின் இளம் புழு, பறவை எச்சம் போலவே இருக்கும். பெரிதானதும் பச்சையாகிவிடும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டும், குப்பென்று வாடை வரும். சிவப்புடல் அழகிக்குத் தரிசு நிலத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை வேண்டும். ஆடுகூடத் தொடாத அந்தக் கொடியை மண்வெட்டி ஒரே வீச்சில் முடித்துவிடுகிறது. நீல வரியன்களில் ஆண்கள் காய்ந்த கிலுகிலுப்பையில் அப்பிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்க அந்தச் சாறு உதவுகிறது. ஆற்று மணல் ஈரமாக இருக்கும்போது பல வகை ஆண் பூச்சிகள் உப்பு உறிஞ்சக் கூட்டமாக இறங்குவதையும் நம் கரையிலேயே பார்க்கலாம்.

இதையெல்லாம் யார் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்? பள்ளிப் பேருந்துகள் பூங்காவுக்கு வருகின்றன, மறுக்கவில்லை. இறங்கியதும் வரிசை, நீரூற்று, படம், சாப்பாடு, மறுபடி பேருந்து. ஒரு நாள் நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி எலுமிச்சைச் செடியில் புழுவைப் பார்த்துவிட்டு, "மிஸ், இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "சீ, கையை எடு, அரிக்கும்" என்று பதில் வந்தது. அந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகளை ஒருவர் மேய்க்கும்போது நின்று விளக்க எங்கே நேரம்? அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் தன்னார்வலர்கள் வேண்டும். திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை இருக்கிறது. என்னைப் போல ஓய்வுபெற்றவர்களும் ஊரில் நிறையப் பேர். வனத்துறை எங்களுக்கு ஒன்றிரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். சனி, ஞாயிறுகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கூடப் போய், முட்டை, புழு, கூட்டுப்புழு என்று காட்ட முடியும். செப்டம்பரைப் பட்டாம்பூச்சி மாதமாக நாடு முழுக்க ஆர்வலர்கள் கொண்டாடிக் கணக்கெடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பூங்காவிலும் கரையிலும் ஒரே நாளில் எடுத்துப் பார்த்தால், எது எங்கே குறைகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். புழுவைப் பார்த்து அலறாத ஒரு தலைமுறை நமக்கு அவசரமாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

தூய்மைப் பணி செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் படித்துறைகளைச் சுத்தம் செய்வது அவசியம், வழியில் இருக்கும் முள்ளை வெட்டுவதும் சரி. அதற்கு அப்பால் கரைச் சரிவில் ஜேசிபியை இறக்காதீர்கள். வேர் பிடித்த செடிதான் வெள்ளத்தில் மண்ணையும் பிடித்துவைக்கிறது. காய்ந்த புதருக்குத் தீ வைப்பதும் வேண்டாம், கூட்டுப்புழுக்கள் அதிலும் தொங்கும். பணி தொடங்கும் முன் செடி தெரிந்த ஒருவரை அழைத்து, விடவேண்டிய செடிகளில் ஒரு துணி நாடாவைக் கட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. பணி முடிந்ததும் நாடாவை அவிழ்த்துவிட வேண்டும், அதுவும் குப்பைதானே.

அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் இதை ஒரு நிபந்தனையாகவே சேர்த்தால் இன்னும் நல்லது. நாடா கட்டவோ, பிள்ளைகளோடு நடக்கவோ கூப்பிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருவானைக்காவல், திருச்சி.