படைவீரர் விருந்தை அரசுப் பள்ளி மைதானத்தில் நடத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
பணியிலுள்ள படைவீரர் குடும்பத்தினர், முன்னாள் படைவீரர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள் சார்பில்
விருந்துக் குழுவினர்,
வேலூர் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

நாள்: 24-11-2025

பொருள்: ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று நடைபெறும் படைவீரர் விருந்தை எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் நடத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

விடுப்பில் வந்திருக்கும் படைவீரர்களுக்கும், ஓய்வு பெற்று ஊரோடு இருந்துவிட்ட முன்னாள் படைவீரர்களுக்கும், பணியில் உயிர்நீத்தோரின் மனைவியருக்கும் பெற்றோருக்கும் எங்கள் ஊரார் ஒன்றுகூடி ஆண்டுதோறும் காணும் பொங்கல் மாலையில் ஒரு விருந்து அளித்து வருகிறோம். வரும் 17-01-2026 சனிக்கிழமையன்று நடைபெறவுள்ள அவ்விருந்தை, கடந்த இரண்டு ஆண்டுகளாக நடத்தி வந்த மாடிக் கல்யாண மண்டபத்தில் அல்லாமல், அதற்கு முன்பு நடந்து வந்தபடியே அரசு மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் நடத்த அனுமதி அளித்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இம்மாவட்டத்துக்கும் படைக்கும் உள்ள உறவைத் தங்களுக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த வரலாறு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுகிறார்கள். எங்கள் ஊர் அத்தனை பேர்பெற்றதன்று. ஆயினும், பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வடக்கேயிருந்து வரும் ரயில்களிலிருந்து காட்பாடி சந்திப்பில் கறுப்பு டிரங்குப் பெட்டியுடன் இறங்குவோரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலராவது இல்லாத ஆண்டு கிடையாது. வெலிங்டனை மையமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டிலும், பெங்களூருவில் இருக்கும் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸிலும் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாகப் பணியாற்றிய வீடுகள் எங்கள் தெருக்களில் உண்டு.

இவ்விருந்துக்கு ஊரில் வழங்கும் பெயர் ‘படாகானா’. பட்டாளத்தில் முக்கிய நாள்களில் அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பெருவிருந்தின் பெயர் அது. அன்று அதிகாரிகள் ஜவான்களுக்குத் தம் கையாலேயே பரிமாறுவது வழக்கம். ஓய்வு பெற்று வந்த எங்கள் ஊர்ச் சுபேதார் ஒருவர், பட்டாளத்தில் கிடைத்த அந்த மரியாதை ஊரிலும் ஒரு நாளாவது கிடைக்கட்டும் என்று தம் வீட்டு வாசலில் இருபது பேருக்குச் சமைத்துப் போட்டதில் தொடங்கியதுதான் இது. பெயர்தான் ஹிந்தி, சோறு நம்மூர்ச் சோறு என்பார் அவர். இன்று அவர் இல்லை. அவர் வாசலில் கொள்ளாத கூட்டமாகிவிட்டதால் விருந்து பள்ளி மைதானத்துக்கு வந்தது.

நாள் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஜெனரல் கே. எம். கரியப்பா 1949 ஜனவரி 15 அன்று தலைமைத் தளபதிப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆனதால், அந்நாள் தரைப்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது பொங்கலை ஒட்டியே வருவதால் முதலில் நாங்களும் அன்றுதான் விருந்து வைத்தோம். ஆனால் பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் அவரவர் வீட்டில் அவரவருக்கு வேலை இருக்கும். திருவள்ளுவர் நாளில் இறைச்சிக் கடைகள் அடைக்கப்படுவதும் உண்டு. ஆட்டுக்கறி இல்லாத படாகானாவை வந்தவர்கள் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள், முகம் சொல்லிவிடும். ஆகவே காணும் பொங்கலுக்கு மாற்றிக்கொண்டோம். விடுப்பு முடிந்து வண்டியேறுவதற்கு முன் எல்லாரும் ஊரில் இருக்கும் கடைசி மாலையாகவும் பெரும்பாலும் அதுவே அமைகிறது.

விருந்து நடைபெறும் முறையைச் சற்று விரித்துக் கூற அனுமதிக்க வேண்டுகிறோம். மைதானம் எதற்கு என்பது அதில்தான் விளங்கும். முதலில் ஒரு படையல் இலை போட்டு, பணியில் உயிர்நீத்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை வயதில் இளைய வீரர் ஒருவர் வாசிப்பார். அதைத் தொடர்ந்து 1999 மே 29 அன்று படாலிக்கில் வீழ்ந்த திருச்சிராப்பள்ளி மேஜர் சரவணன், 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் நேர்ந்த பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பதின்மர் மாண்டபோது அவர்களில் ஒருவரான, அன்றைய வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை, 2020 ஜூன் 15 அன்று கல்வானில் வீழ்ந்த இராமநாதபுரத்து ஹவில்தார் பழனி ஆகியோரின் பெயர்களும் வாசிக்கப்படும். அதன் பிறகே பந்தி தொடங்கும்.

பந்தியின் முதல் வரிசை உயிர்நீத்தோரின் மனைவியருக்கு உரியது. கல்யாணமோ வளைகாப்போ எதுவானாலும் கணவரை இழந்த பெண்கள் பின்வரிசைக்குத் தாமாகவே ஒதுங்கிவிடும் வழக்கம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. அப்படி ஒதுங்கிப் பழகியவர்களை ஊரே கூடி நிற்க முன்வரிசையில் அமர்த்தி, முதல் கரண்டிச் சோற்றை அவர்கள் இலையில் இடும் நிகழ்ச்சி இந்த விருந்தைத் தவிர வேறொன்று எங்கள் ஊரில் இல்லை. முதல் ஆண்டு அழைத்தபோது வர மறுத்தவர்களே இப்போது மார்கழி பிறந்ததும் எந்தத் தேதி என்று கேட்கிறார்கள். அடுத்த வரிசைகளில் பதவி வரிசை கிடையாது. சுபேதார் மேஜரும் சிப்பாயும் அடுத்தடுத்த இலையில் அமர்வார்கள். ஆம்பூரிலிருந்து வரும் சமையல்காரர் சீரகச் சம்பாவில் பிரியாணி செய்து எண்ணெய்க் கத்தரிக்காயோடும் தயிர் வெங்காயத்தோடும் தருவார். சைவம் உண்போருக்குத் தனிப் பந்தி உண்டு.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் இருப்போர் அரசுக் கணக்கில் முன்னாள் படைவீரர் பட்டியலில் வருவதில்லை. எங்கள் விருந்தில் அந்தப் பாகுபாட்டை நாங்கள் பார்ப்பதில்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மாண்ட தமிழ்நாட்டு வீரர் இருவரும் ரிசர்வ் போலீஸ் படையினரே. நான்காண்டுப் பணிக்குச் சேர்ந்திருக்கும் அக்னிவீரர்களுக்கும் இவ்வாண்டு அழைப்பு உண்டு.

இனி, இடம் பற்றிய எங்கள் இடர்ப்பாட்டைத் தெரிவிக்கிறோம். பள்ளி வளாகங்களைக் கல்வி சாராத நிகழ்ச்சிகளுக்குத் தருவதில் கட்டுப்பாடு இருப்பதை அறிவோம். அதன் நோக்கத்தையும் மதிக்கிறோம். மைதானம் கிடைக்காததால் இரண்டு ஆண்டுகளாக ஒரு தனியார் கல்யாண மண்டபத்தில் விருந்தை நடத்தினோம். அம்மண்டபத்தின் பந்திக்கூடம் மாடியில் இருக்கிறது; மின்தூக்கி இல்லை. 1971 போரின்போது பதினெட்டு வயதில் படையில் இருந்தவருக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது. மூட்டு வலியால் படியேற முடியாதவர்கள் பலர். கண்ணிவெடியில் இடக்காலை இழந்து செயற்கைக் கால் பொருத்தியிருக்கும் ஒருவர், கடந்த ஜனவரியில் கீழே செருப்பு விடும் இடத்துக்கு அருகில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். மேலே தூக்கிச் செல்கிறோம் என்று இளைஞர்கள் முன்வந்தபோது, தூக்கிக்கொண்டு போக நான் என்ன ஸ்ட்ரெச்சர் கேஸா என்று மறுத்துவிட்டார். அவருக்கும் அவரைப் போன்ற இன்னும் பதினொரு பேருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். யாரை உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்று இந்த விருந்து தொடங்கப்பட்டதோ அவர்களையே பார்சலோடு அனுப்பிவைத்த பின், மேலே போய் நாங்கள் உண்டது எங்களுக்கே ஒட்டவில்லை.

சென்ற ஆண்டும் மைதானத்துக்கு விண்ணப்பித்தோம். டிசம்பர் முதல் வாரத்தில் மனு கொடுத்தபோது ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைக் கேட்டது. அந்த அலுவலகமோ முதல் அலுவலகத்தின் கடிதம் வந்தால்தான் சான்று தர இயலும் என்றது. இதற்குள் பொங்கல் விடுமுறை வந்துவிட்டது. மனு பரிசீலனையில் உள்ளது என்ற பதில் விருந்து முடிந்து ஒன்பது நாள் கழித்து எங்கள் கைக்குக் கிடைத்தது. எவரையும் குறை கூறும் எண்ணத்தில் இதை எழுதவில்லை; மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பது எங்களில் பலருக்குப் பணிக்காலம் முழுவதும் பழகிய ஒன்றுதான். அதனால்தான் இம்முறை ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னதாகவே நேரடியாகத் தங்களிடம் வந்திருக்கிறோம்.

பள்ளி மைதானத்தைக் கேட்பது சமதரை என்பதற்காக மட்டுமன்று. எங்கள் வீரர்களில் பெரும்பாலோர் படித்தது அந்தப் பள்ளியில்தான். ஆள்சேர்ப்பு முகாமில் ஓட வேண்டிய 1,600 மீட்டருக்கு அதிகாலை நான்கரை மணிக்கு அவர்கள் ஓடிப் பழகியதும் அதே மைதானத்தில்தான். இன்றும் இருபது இருபத்தைந்து பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையன்களே விருந்தன்று தண்ணீர் ஊற்றவும் இலை எடுக்கவும் வருகிறார்கள்.

அனுமதி வழங்குவதில் தங்களுக்கு எழக்கூடிய ஐயங்களையும் நாங்களே எண்ணிப் பார்த்தோம். 17-01-2026 உழவர் திருநாள் விடுமுறை, மறுநாள் ஞாயிறு. ஆகவே எந்த வகுப்பும் பாதிக்கப்படாது. வகுப்பறைகளைத் திறக்க வேண்டியதில்லை. கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் மட்டும் தேவை. சமையல் வளாகத்துக்குள் நடைபெறாது. மைதானத்தை ஒட்டிய தனியார் களத்தில் அடுப்பு மூட்டப்படும், நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. ஒலிபெருக்கி இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தப்படும். சட்டம் பத்து மணி வரை இடம் தந்தாலும் எங்கள் முதியவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு ராணுவக் கேண்டீனில் மதுபானம் கிடைக்கும் என்பது ஊரறிந்த செய்தியாகையால் அதையும் வெளிப்படையாகவே எழுதுகிறோம்: விருந்துக்கு மது கொண்டுவருவோரும் அருந்திவிட்டு வருவோரும் பந்தியில் அமர்த்தப்பட மாட்டார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து கையொப்பமிட்டிருக்கிறோம். அதை முன்மொழிந்தவர் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர். சட்டமன்றத் தேர்தல் நெருங்கி வருவதால், எந்தக் கட்சியின் கொடிக்கும் பதாகைக்கும் இடமில்லை என்பதையும் உறுதியளிக்கிறோம். ஞாயிறு நண்பகலுக்குள் மைதானத்தைத் தூய்மை செய்து தலைமையாசிரியரிடம் ஒப்படைப்போம். சேதம் ஏதும் நேர்ந்தால் ஈடுசெய்ய முன்வைப்புத் தொகை செலுத்தவும் ஆயத்தமாக உள்ளோம்.

அரசிடமிருந்து நாங்கள் பணம் எதையும் கோரவில்லை. செலவை வீட்டுக்கு வீடு பிரிக்கும் தொகையாலும், பணியிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் தொகையாலும் ஈடுசெய்கிறோம். மிஞ்சுவதைக் கொடி நாள் நிதியில் செலுத்தி வருகிறோம். மண்டப வாடகை இல்லையென்றால் அத்தொகை கூடுதலாகும் என்பதையும் குறிப்பிட விரும்புகிறோம்.

இதனோடு சேர்ந்த இன்னொரு வேண்டுகோளும் உண்டு. படை ஓய்வூதியம் ‘ஸ்பார்ஷ்’ இணையவழி முறைக்கு மாறிய பின், ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றைப் பதிவேற்றுவதிலும், ஆதாரில் உள்ள பெயரும் பணிப்பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இருப்பதைச் சரிசெய்வதிலும் எங்கள் முதியோரும் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களும் மிகவும் அல்லற்படுகிறார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பட்டாளத்து எழுத்தர் ஒருவர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த மனைவியின் பெயர், இன்று அந்தப் பெண்ணையே இன்னார் அல்லர் என்கிறது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க உதவுவதற்காக 2024-ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைப் பற்றியும் விவரம் கேட்போர் உண்டு. இவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் கூடுவது இந்த ஒரு மாலையில்தான் என்பதால், முன்னாள் படைவீரர் நல அலுவலகப் பணியாளர் ஒருவர் அன்று பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணி வரை மைதானத்தில் இருந்து மனுக்களைப் பெற ஆவன செய்ய வேண்டுகிறோம். விடுமுறை நாளில் அழைப்பதில் எங்களுக்கும் தயக்கமே. அது இயலாதெனில், 19-ஆம் தேதி திங்களன்று முகாம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தாலும் நன்றியுடையோம். ஆனால் மலையடிவாரத்துக் குக்கிராமங்களிலிருந்து வரும் முதியோர் இரண்டாம் முறை வருவார்களா என்பது ஐயமே.

சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் தர வேண்டியிருப்பதாலும், விடுப்பில் வரும் வீரர்களுக்கு இடத்தைத் தெரிவிக்க வேண்டியிருப்பதாலும், டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் எங்களுக்கு உத்தரவு கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தாங்களும் அன்று வர வேண்டும் என்பது ஊராரின் விருப்பம். சிறப்பு விருந்தினராக மேடையில் அமர்வதற்கன்று; எங்கள் விருந்தில் மேடை கிடையாது, சால்வையும் கிடையாது. படாகானாவில் அங்குள்ளோரில் மூத்த அதிகாரி பரிமாறுவதே மரபு. மாவட்டத்தின் முதன்மை அதிகாரி என்ற முறையில் முதல் வரிசைப் பெண்களுக்குத் தாங்கள் முதல் கரண்டியைப் பரிமாற வேண்டும் என்று அவர்கள் சார்பில் அழைக்கிறோம். மாலை ஆறரை மணிக்கு இலை போடப்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விருந்துக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: ஊர்க்கூட்டத் தீர்மான நகல், நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், கையொப்பப் பட்டியல், சென்ற ஆண்டு மனுவின் நகல்.