சன்னல் கண்ணாடி வழிவதில்லை

ஆசிரியருக்கு,

கண்ணாடி மிக மெதுவாக வழியும் திரவம், அதனால்தான் பழைய தேவாலயச் சன்னல்களில் கண்ணாடியின் அடிப்பாகம் தடித்திருக்கிறது என்ற துணுக்கு அறிவியல் பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. கணக்குப் போட்டால் இது நிற்காது. சன்னல் கண்ணாடி இறுகுவது சுமார் 550 டிகிரி செல்சியசில். அறை வெப்பத்தில் அது கண்ணுக்குத் தெரிய வழிவதற்குப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. அந்தக் காலத்துத் தகடுகளைச் சுழற்றி விரித்துச் செய்தார்கள். தடிமன் சமமாக வராது. கனத்த ஓரத்தைப் பெரும்பாலும் கீழே வைத்துப் பொருத்தினார்கள், அவ்வளவே.

துணுக்கு தொடாமல் விட்டதுதான் சுவையான பகுதி. படிகமாக விடாமல் திரவத்தைக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் அக்கம்பக்க மூலக்கூறுகளின் கூண்டில் சிக்கிக்கொள்கின்றன. கூண்டை விட்டு நகர ஆகும் நேரமே தளர்வு நேரம். இப்படிக் கண்ணாடியாக இறுகக்கூடிய பிசுபிசுப்பான திரவமான கிளிசராலுக்கு அறை வெப்பத்தில் இது நானோ விநாடி (விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கு. மைனஸ் 83 டிகிரியில் சுமார் 100 விநாடி. நூறு டிகிரிக்குச் சற்று மேல் இறங்குவதற்குள் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி மடங்கு! வழிவதற்குத் திரவம் காட்டும் எதிர்ப்பான பாகுத்தன்மை அங்கே லட்சம் கோடி பாஸ்கல்-விநாடியை நெருங்கும். அந்த வெப்பநிலையைத்தான் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்கிறோம். இது நம் பொறுமைக்கு ஏற்ப நாம் போட்ட கோடு. பனிக்கட்டியின் உருகுநிலை போன்றதல்ல.

அதனால் இந்த எண்ணை அளப்பவர்கள் குளிர்வித்த வேகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வெப்பநிலை 3 முதல் 5 டிகிரி கீழே போய்விடும். மாதிரியைச் சூடாக்கும்போது அது உள்வாங்கும் வெப்பத்தை வளைவாக வரையும் டிஎஸ்சி கருவியில் இன்னொரு சிக்கல் உண்டு. நிலைமாற்றத்துக்குச் சற்றுக் கீழே நாள்கணக்கில் கிடந்த மாதிரியைச் சூடாக்கினால் படிக்கட்டு போன்ற வளைவின் மேல் ஒரு முகடு எழும். உருகுகிறது என்று ஏமாறுபவர்கள் ஏராளம். நிலைமாற்றத்துக்கு 20, 30 டிகிரி மேலே ஏற்றி, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்து, அதே வீதத்தில் மறுபடி சூடாக்குங்கள். முகடு சிறுத்துப் படிக்கட்டு மட்டும் தெளிவாக நிற்கும். கிளிசரால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் கலந்தால் நிலைமாற்றம் கீழிறங்கும். ஆகவே வெற்றிடத்தில் உலர்த்தி, மாதிரி வைக்கும் கலத்தை இறுக மூடுவது கட்டாயம்.

மூலக்கூறுகள் காலப்போக்கில் எவ்வளவு தளர்ந்தன என்று காட்டும் தளர்வு வளைவுக்கு, ஒரே வீதத்தில் தேயும் ஒற்றை அடுக்குக்குறிச் சார்பைப் பொருத்துவதும் தவறு. ஓரிடத்து மூலக்கூறுகள் வேகமாக நகரும்போது பக்கத்தில் உள்ளவை அசையாமல் கிடக்கும். எனவே வளைவின் வால் நீளும். லெய்டன் ஜாடி என்ற பழைய மின்தேக்கியில் எஞ்சும் மின்னூட்டத்துக்காக 1854-இல் இயற்பியலாளர் கோல்ராவுஷ் தந்த, அந்தச் சார்பின் நீட்டிய வடிவமே இங்கு பொருந்துகிறது.