பூவின் நிறத்துக்கு உரம் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு பயண இணைப்பில் குளிர்நாட்டுப் பூந்தோட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், அங்கே பூக்கள் அப்படிப் பளிச்சென்று இருப்பதற்கு உரம்தான் காரணம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் 31 வருடம் சாயப்பட்டறையில் நிறம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். துணி அரை ஷேடு தள்ளிப்போனாலே தூக்கம் கெட்டுவிடும். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மகள் ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் இருக்கிறாள். மே மாதக் கடைசியில் போய் ஆகஸ்ட் வரை அவள் வீட்டில் தங்கியிருந்தேன். போன முதல் வாரம் முழுக்க மேகமூட்டம். "வெயில் வரட்டும்ப்பா, அப்புறம் தோட்டத்துக்குப் போகலாம்" என்றாள். அங்குள்ள அரச தாவரவியல் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. பிடிக்காவிட்டால் திரும்பி வந்தால் போயிற்று என்று குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன். 1670-இல் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது அது. ரோடோடென்ட்ரான் புதர்கள் ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, இலை தெரியாமல் பூத்திருந்தன. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. தூறலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் தொழிலில் நேர் வெயிலில் யாரும் ஷேடு பார்க்க மாட்டார்கள். வெயில் பட்டால் துணியின் மேல்பரப்பு பளபளத்து, அடியிலுள்ள நிறம் வெளுத்த மாதிரி தெரியும். நிறம் பார்ப்பதற்கென்றே உள்ள விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸ் வருவதற்கு முன்னால், வடக்குப் பார்த்த ஜன்னலோரம் துணியைக் கொண்டுபோய்த்தான் பார்ப்போம். அந்த வெளிச்சம் வானத்திலிருந்து சீராக இறங்கும். கண் கூசாது, நிறம் உள்ளது உள்ளபடி தெரியும். மேகம் மூடிய ஸ்காட்லாந்து முழுவதுமே எனக்கு ஒரு பெரிய வடக்கு ஜன்னலாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து வெயில் வந்தது. அதே புதரைப் போய்ப் பார்த்தேன். நான் முதலில் பார்த்த சிவப்பு அங்கே இல்லை.

வெளிச்சம் ஒரு பக்கம். குளிரின் வேலை வேறு. ஜூனில் அங்கே பகலில் 17, 18 டிகிரி, இரவில் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். சிவப்பு, ஊதா நிறங்களைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி குளிர்ந்த இரவுகளில் கூடுதலாகச் சேரும், வெப்பத்தில் குறையும். குளிரில் பூவின் சுவாசமும் மெதுவாக நடப்பதால் சேமித்து வைத்த சத்து சீக்கிரம் தீராது. இரண்டு நாளில் உதிர வேண்டியது ஒரு வாரம் நிற்கும். உரத்தைக் கொட்டி இதைச் செய்துவிட முடியாது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும்.

நீலப் பாப்பி என்ற பூவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மெக்கொனாப்சிஸ் என்று பெயர்ப்பலகையில் இருந்தது. நீலம் என்று நாம் சொல்லும் பூக்களில் பெரும்பாலானவை உண்மையில் ஊதாதான். இது அப்படியல்ல, சுத்தமான வான நீலம். நீலத்தோடு மல்லுக்கட்டியே பாதி வயதைக் கழித்தவன் நான். அதன் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். இந்தச் செடியின் ஊர் ஐரோப்பாவே அல்ல. பெய்லி என்ற ஆங்கிலேய அதிகாரி 1913-இல் திபெத்தில் இதைக் கண்டார். தாவரம் தேடிப் போன கிங்டன்-வார்ட் 1924 பயணத்தில் விதை சேகரித்துக் கொண்டுவந்தார். கோடையிலும் சூடேறாத காற்று, ஈரமான அமில மண் இரண்டும் கிடைப்பதால் ஸ்காட்லாந்து அதற்குப் புகுந்த வீடாகிவிட்டது. ஒரு கடையில் விதைப் பொட்டலம் விற்றார்கள். கையில் எடுத்து, வெப்ப நாட்டில் அதற்கு என்ன கதி ஆகும் என்று நினைத்து, வைத்துவிட்டேன். கைபேசியில் பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் லேசாக ஊதா ஏறியிருந்தது. நான் கண்ணால் பார்த்த ஷேடு ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

கட்டுரையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டுத் தெருவில் ஒரு முன்வாசலில் ஹைட்ரேஞ்சா புதர் ஒன்று இருந்தது. ஜூலைக் கடைசியில் பூத்தது. வாசல் பக்கம் நீலம், பழைய கற்சுவரை ஒட்டிய பக்கம் இளஞ்சிவப்பு. ஒரே செடி! சுவரின் சுண்ணாம்புக் காரைதான் மழையில் கரைந்து மண்ணில் இறங்கியிருக்கும் என்று ஊகித்தேன். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்கு ஏறி, அங்குள்ள நிறமியோடு சேர்ந்து நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அலுமினியம் கரையாது. அதே நிறமி இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. இயற்கைச் சாயம் துணியில் பிடிக்கப் படிகாரம் போடுகிறோமே, படிகாரத்தில் வேலை செய்வதும் இதே அலுமினியம்தான்.

அந்த வீட்டு அம்மாளிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். வாசல் பக்கம் நீலம் கெட்டியாக வர வேண்டுமென்று அலுமினியம் சல்ஃபேட் வாங்கிக் கரைத்து ஊற்றுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சரி, என் ஊகத்தில் பாதி போயிற்று. ஆனாலும் அது உரமல்ல, உப்பு. அதுவும் ஹைட்ரேஞ்சாவிடம்தான் பலிக்கும். அதிலும் வெள்ளை ரகத்திடம் பலிக்காது. ரோஜாவுக்கு ஊற்றி நீலத்தை எதிர்பார்த்துவிடாதீர்கள்.

பேருந்தில் கூட்டமாக வரும் பயணிகளைத் தாவரவியல் தோட்டத்தில் தினமும் பார்த்தேன். நண்பகலில் இறங்குவார்கள், பூவுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பயணத் திட்டம் அப்படி. ஆனால் ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். அதற்குப் பிறகும் வெளிச்சம் மெல்ல மெல்லத்தான் வடியும். அந்த நேரத்தில் மகள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். முதலில் சிவப்பு ரோஜா கறுக்கும். பக்கத்திலிருக்கும் நீல டெல்பினியம் மட்டும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி எழுந்து நிற்கும். மங்கலில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் அடங்கிவிடும், நீலமும் பச்சையும் தங்கும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கினியே 200 வருடங்களுக்கு முன்பே கவனித்துச் சொன்ன விஷயம் இது. பட்டறையில் பொழுது சாய்ந்தபின் சிவப்பு ஷேடு பார்க்காதே என்று என் மாஸ்டர் திட்டியதற்குக் காரணம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரைகளில் ஓட்டல், விமானக் கட்டணம் எல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள். எந்தப் பூ எந்த மாதத்தில் பூக்கும் என்றும் இரண்டு வரி போடுங்கள். ஆகஸ்டில் போய் நீலப் பாப்பியைத் தேடினால் காய்ந்த காய்தான் கிடைக்கும். மேகமூட்டமான நாளில் தோட்டத்தைத் தவிர்க்காதீர்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்க்கலாம்.

அப்புறம், அந்தக் கட்டுரைக்கு மேலே ரோஜா என்று போட்டு ஒரு படம் வந்திருந்தது. அது பியோனி என்ற வேறு பூ. தண்டில் முள் இல்லை, இலையும் ஆழமாகப் பிளந்திருக்கிறது. அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயப்பட்டறை மாஸ்டர்