சனிக்கிழமையும் எங்களுக்கு வேண்டும்

மூன்று நகரங்களில் ஒரே வார இறுதியில், அமெரிக்க நாட்டுப்புற மரபில் பிறந்த கன்ட்ரி இசைக்கு விழா நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அந்த மூன்று அரங்குகளின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

அடுத்த விழாவுக்கான அறிவிப்பைப் பார்த்தேன். முதன்மைக் கலைஞர்கள் மூவரின் பெயர்கள், நகரங்கள், விற்பனை தொடங்கும் நாள், நேரம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அடியில், தேடினால்தான் கண்ணில் படும் அளவில், சக்கர நாற்காலியில் வருவோர் அந்தந்த அரங்கைத் தனியே தொடர்புகொள்ளவும் என்ற அதே பழைய வரியும் இருக்கிறது. சென்ற விழாவில் எங்களுக்கு நேர்ந்ததை உங்களுக்கு விரிவாக எழுதியிருந்தேன். வருந்துவதாகப் பதில் அனுப்பினீர்கள். வருந்திய பிறகும் அந்த வரி அப்படியே இருப்பதால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சக்கர நாற்காலிக்கான இடங்களையும் உடன் வருபவருக்கான இருக்கையையும் மற்ற டிக்கெட்டுகள் விற்கப்படும் அதே இணையப் பக்கத்தில், அதே நேரத்தில், மூன்று நாள் டிக்கெட்டாகவே விற்பனைக்கு வையுங்கள்.

விற்பனை நாளன்று என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் இணைய வரிசை திறக்கிறது. சென்ற முறை என் அலுவலகத் தோழி கைப்பேசியிலேயே மூன்று நாள் டிக்கெட்டை வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதே வேளையில் சக்கர நாற்காலியில் வாழும் என் அக்கா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்ற பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் ஒருவர் பேசினார். படிவம் ஒன்றை அனுப்பினார். படிவத்தை நிரப்பி, மருத்துவக் கடிதத்தை இணைத்து அனுப்பிய பிறகு சில நாட்கள் மௌனம். பிறகு பதில் வந்தது: வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடம் உண்டு, சனிக்கிழமை சக்கர நாற்காலிகளுக்கான மேடை நிரம்பிவிட்டது.

மற்ற விழாக்களில் ஒரு நாள் தவறினால் ஒரு நாள்தான் இழப்பு. உங்கள் விழாவின் அமைப்பு வேறு. மூன்று முதன்மைக் கலைஞர்களும் மூன்று நகரங்களிலும் நாளுக்கு ஒருவராகச் சுழற்சியில் பாடுகிறார்கள். அக்கா பல ஆண்டுகளாக நேரில் கேட்கக் காத்திருந்த பாடகி எங்கள் நகரில் சனிக்கிழமை மட்டும் பாடினார். வெள்ளிக்கிழமை அவர் வேறொரு நகரில், ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது நகரில். அட்டவணையை எடுத்துத் தாளில் போட்டுப் பாருங்கள். உள்ளூரில் சனிக்கிழமையை இழந்தவர் மூவரையும் கேட்க வேண்டுமானால் இரண்டே வழிகள். கையில் இருக்கும் இரண்டு டிக்கெட்டுகளையும் விட்டுவிட்டு வேறு நகரத்தில் மூன்று இரவுகள் தங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நாளில் மூன்று நகரங்களுக்கும் போக வேண்டும். அதில் ஒன்று கடலுக்கு அப்பால், வட அயர்லாந்தில் இருக்கிறது. நடக்கக் கூடியவருக்கே அது களைப்பான காரியம். மின்சக்கர நாற்காலியை விமானத்தின் சரக்குப் பகுதியில் ஏற்றிவிட்டு, அது முழுதாக வந்து சேருமா என்ற கவலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதை யாராவது ஒரு வழி என்று சொல்ல முடியுமா?

ஆனாலும் அக்கா முயன்றார். இரண்டாவது நகரத்தின் அரங்குக்கு எழுதினார். அங்கே முதலிலிருந்து எல்லாம் மீண்டும்: புதிய கணக்கு, புதிய படிவம், புதிய சான்று. எங்கள் அரங்கு ஏற்றுக்கொண்ட சான்றை அந்த அரங்கு பார்க்க முடியாதாம். நாங்கள் ஸ்காட்லாந்தில் வாழ்கிறோம். மாற்றுத்திறன் கொண்ட வயதுவந்தோருக்கு இங்கே 2022 முதல் ஸ்காட்லாந்து அரசின் தனி உதவித்தொகை வழங்கப்படுகிறது. அந்த அரங்கின் படிவத்தில், எவையெல்லாம் சான்றாக ஏற்கப்படும் என்று இருந்த பட்டியலில் அந்த உதவித்தொகையின் பெயரே இல்லை. வேறு ஏதாவது என்று ஒரு கட்டமும் இல்லை. ஒரே விழா, ஒரே விளம்பரம், ஒரே பெயர் பொறித்த டீ சட்டை மூன்று ஊரிலும் விற்பனையாகிறது. ஒரு பெண்ணால் நடக்க முடியாது என்பதை மட்டும் ஊருக்கு ஊர் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு அக்கா கணினியை மூடிவிட்டார். அந்தப் பாடகியின் பெயரை அவர் அந்த மாதம் முழுவதும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் போனோம். இசை அருமையாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், சேவை தருவோர் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. ஒருவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே யோசித்துச் செய்ய வேண்டிய கடமை அது. வட அயர்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. அங்கே 1995ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, கடமை அங்கும் உண்டு. சட்டங்கள் இரண்டாக இருப்பதை மூன்று வெவ்வேறு படிவங்களுக்குக் காரணமாகக் காட்டாதீர்கள்.

நீங்கள் மேடையேற்றும் இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பிறவியிலேயே முதுகெலும்புக் குறைபாடு கொண்டவர். வாழ்நாள் முழுவதும் அந்த வலியோடு பாடி, 1953ஆம் ஆண்டின் முதல் நாளில், 29 வயதில் இறந்தார். பாடகர் ரானி மில்சாப் ஏறக்குறைய பார்வையே இல்லாமல் பிறந்தவர். 2014இல், சிறந்த கலைஞர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். பாடகர் ராண்டி டிராவிஸை 2013இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சையே பறித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே புகழ்க்கூட விழாவில் அவர் மீண்டும் பாடியபோது அரங்கமே அழுதது. உடல் ஒத்துழைக்காதவர்களை இந்த இசை இப்படிக் கொண்டாடியிருக்கிறது. மேடையில் அவர்களுக்கு இடம் இருந்தது. மேடைக்கு எதிரே அவர்களைப் போன்றவர்களுக்கு இடம் கேட்டால் படிவத்தை நீட்டுகிறீர்கள்.

அக்காவுக்கு இந்த இசை இங்கே வந்து பழகியதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வானொலியில் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடினால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்பார். 1964இல் விமான விபத்தில் இறந்துபோன அந்த மனிதரின் குரல் இலங்கையில் எத்தனையோ வீடுகளில் கிறிஸ்துமஸ் காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டனின் ரசிகர்களும் நேற்று வந்தவர்கள் அல்லர். லண்டனின் வெம்ப்ளியில் கன்ட்ரி இசை விழா தொடங்கியது 1969இல். அன்று முப்பது வயதில் அங்கே போனவர்களுக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. முழங்காலும் இடுப்பும் தேய்ந்தவர்கள், கைத்தடியோடு வருபவர்கள், மூச்சு வாங்கப் படியேறுபவர்கள் உங்கள் அரங்கில் ஏராளம். இவர்களுக்கும் சக்கர நாற்காலி தேவைப்படும் நாள் வரும். அப்போதும் இதே தொலைபேசி எண்ணைத்தான் கொடுப்பீர்களா?

இன்னும் நிறையச் சொல்லலாம். சக்கர நாற்காலிகளுக்கான எங்கள் மேடைக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றதும் அக்காவுக்குப் பாடகர்களின் மேடை மறைந்துபோனது. நடைபாதைகளில் நடக்கும் சிறிய மேடை நிகழ்ச்சிகளில் நாற்காலியைத் திருப்பக்கூட இடமில்லை. ஒரே டிக்கெட்டில் சேவைக் கட்டணம், வழங்கும் கட்டணம் என்று தனித்தனியே வாங்குகிறீர்கள். அந்தச் சேவை எங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் இவற்றையெல்லாம் அடுக்கினால் முக்கியமான கோரிக்கை மறைந்துவிடும். ஆகவே மீண்டும் அதற்கே வருகிறேன்.

எங்களுக்குச் சலுகை விலை வேண்டாம், முன்னுரிமை வேண்டாம். மற்றவர்களோடு ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் நிற்க விடுங்கள். மூன்று நாளுக்கும் சேர்த்து வாங்க விடுங்கள். ஓர் அரங்கு ஒருமுறை பார்த்து ஏற்ற சான்றை, அக்கா சம்மதித்தால், மற்ற இரண்டு அரங்குகளும் ஏற்றுக்கொள்ளட்டும். தொலைபேசி வழியே வாங்க விரும்புபவர்களுக்காக அந்த எண்ணும் இருக்கட்டும். அது மட்டுமே ஒரே வாசலாக இருக்க வேண்டாம்.

விற்பனை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இணையப் பக்கத்தில் இந்த மாற்றத்தைச் செய்ய உங்களிடம் ஆட்களும் இருக்கிறார்கள். இம்முறை செய்ய முடியாது என்றால், அதற்கான காரணத்தையும் எப்போது செய்வீர்கள் என்ற தேதியையும் விற்பனை நாளுக்கு முன் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வருத்தம் தெரிவிக்கும் கடிதம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது, இன்னொன்று தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் விழாவை நேசிக்கும் ஒரு ரசிகை,
ஸ்காட்லாந்து