துணி டிசைன் கேக் கிட்டில் வந்த தங்கத் தூள் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஃபாண்டன்ட் கேக் அலங்காரக் கிட்டில் சாப்பிடத் தகாத தூள் – பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோருவது தொடர்பாக

ஐயா / அம்மா,

ஃபாண்டன்ட் (கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவு) கேக்கை ஜரிகை வேலை செய்த துணி போல அலங்கரிப்பதற்கென்று நீங்கள் விற்கும் கிட்டை வாங்கினேன். அதிலுள்ள ஸ்டென்சிலில் (டிசைன் வெட்டிய தகடு) எனக்கு ஒரு குறையும் இல்லை. ராயல் ஐசிங்கை (காய்ந்ததும் கெட்டியாகும் சர்க்கரைப் பூச்சு) ஒரே இழுப்பில் தேய்த்து, ஸ்டென்சிலை நேராக மேலே தூக்கியதும், மாங்காய் டிசைன் எம்பிராய்டரி போலப் புடைத்து நின்றது. ஓரங்களில் துளிகூடக் கசியவில்லை. நெசவு அச்சுப் பதிக்கும் டெக்ஸ்சர் மேட்டை அழுத்தியபோது ஃபாண்டன்ட்டில் நெசவின் இழை வரிகூடத் தெரிந்தது.

என் புகார் முழுக்க அந்தத் தங்கத் தூள் டப்பாவைப் பற்றியது. தூளை ஆல்கஹால் கலந்த எசன்ஸில் குழைத்து, டிசைன் மேல் பிரஷ்ஷால் தீட்டச் சொல்கிறது உங்கள் கையேடு. தண்ணீரில் குழைத்தால் ஃபாண்டன்ட்டின் சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும். எசன்ஸ் என்றால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதெல்லாம் சரிதான். ஆனால் தீட்டுவதற்கு முன் டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், "நச்சற்றது. அலங்காரத்துக்கு மட்டும்" என்று இருந்தது. உண்ணத் தகுந்தது என்ற சொல்லே இல்லை. உட்பொருள் பட்டியலும் இல்லை.

விளக்கம் கேட்டதற்கு, "நச்சற்றது என்றால் சாப்பிடலாம்" என்று உங்கள் ஊழியர் பதில் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தானதும்கூட. உண்ணத்தக்க தூளில் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி), சோள மாவு, அனுமதிக்கப்பட்ட நிறமிகள் போன்றவை இருக்கும். அவை லேபிளிலும் அச்சாகியிருக்கும். கைவினைப் பொருட்களுக்கான தூளில் உலோகம் இருக்கலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-ல் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அந்த கேக்கின் பளபளப்புப் பூச்சில் செம்பு அதிகம் இருந்தது. மிசூரியில் 2019-ல் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியதற்கும் இப்படிப்பட்ட அலங்காரத் தூள்தான் காரணம். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் இரண்டையும் அறிக்கையாக வெளியிட்டது. இதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

மேலே செருகும் பூவாக இருந்தால், வெட்டும் முன் எடுத்து வைத்துவிடலாம். துணி டிசைன் அப்படியல்ல. கேக்கின் மேலும் பக்கவாட்டிலும் முழுக்கப் படர்வது. ஒவ்வொரு துண்டிலும் அது இருக்கும். சாப்பிடுபவர்களில் குழந்தைகளும் இருப்பார்கள். அதனால் நான் அந்தத் தூளைத் தொடவில்லை. மஞ்சள் ஜெல் கலரால் டிசைனை வரைந்து முடித்தேன். உங்கள் பெட்டி மேல் இருக்கும் படத்தின் மினுமினுப்பு அதில் வரவே இல்லை.

கிட்டுக்கான முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். அந்தத் தூளைக் கிட்டிலிருந்து நீக்குங்கள், அல்லது உட்பொருள் பட்டியலோடு கூடிய உண்ணத்தக்க தூளை வையுங்கள். இவற்றைவிட முக்கியமானது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இன்றே எச்சரிக்கை அனுப்புவது. அவர்களில் யாராவது இந்த நேரத்தில் ஒரு கேக்கில் அதைத் தீட்டிக்கொண்டிருக்கலாம்.

டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பரிசோதனைக்குக் கேட்டால் அனுப்பத் தயார். லேபிளின் படமும் உங்கள் ஊழியரின் பதிலும் இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், இதே ஆதாரங்களோடு உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் நுகர்வோர் நீதிமன்றத்திலும் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்