யோபுவை மூன்றாம் அதிகாரம் வரைக்குமாவது வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்லவரான கடவுள் இருக்கும்போது உலகத்தில் தீமை ஏன் என்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தீமை தனியாக ஒரு பொருள் அல்ல, வெளிச்சம் இல்லாத இடத்தை இருட்டு என்பதுபோல நன்மை இல்லாத இடமே தீமை என்று ஆதித் திருச்சபையின் ஞானி அகஸ்டின் சொன்னதை எளிமையாக விளக்கியிருந்தார்கள். மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுயாதீனத்தைப் பற்றிய பகுதியும் நன்றாக இருந்தது. ஆனால் இந்த விளக்கங்களெல்லாம் ஒரு துக்க வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் என் தங்கை மகன் மூளைக்கட்டியால் இறந்துபோனான். 9 வயது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபிக்க வந்த ஒருவர், "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது உண்டா, ஆராய்ந்து பாருங்கள்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைக்கு இரத்தம் தேவைப்பட்டபோது ஆள் தேடி அலைந்தவர்களில் அவரும் ஒருவர். அன்று ராத்திரி தங்கை தூங்கவில்லை. "அக்கா, இவன் பிறந்தப்போ செஞ்ச பொருத்தனையை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேனே, அதனாலயா?" என்று கேட்டாள். இன்னும் கேட்கிறாள்.

இந்தப் பேச்சு புதிதல்ல. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து ஜனங்கள் கோவில்களில் கூடியிருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது, கடல் ஏறியது, தீயும் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஊரின் பாவமே காரணம் என்று மலகிரிதா என்ற இயேசு சபைக் குருவானவர் மறுவருடம் புத்தகமே எழுதினார். 2004 சுனாமிக்குப் பிறகும் இதே பேச்சை நான் காதாரக் கேட்டேன். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் வேளாங்கண்ணி கடற்கரையில் அலை அடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்கள்!

எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லிவிட்டார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் நாம் ஏன் திரும்பத் திரும்ப யோபுவின் சிநேகிதர்களாகிவிடுகிறோம்?

பழைய ஏற்பாட்டின் யோபு உத்தமனாக வாழ்ந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்தவன். அவனைத் தேற்ற வந்த அந்த மூன்று சிநேகிதர்களும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது தேற்ற வந்து வேதனையைக் கூட்டுகிறவர்கள், என்று யோபுவே அவர்களுக்குப் பேர் வைத்தான். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டதும் அவரை நியாயப்படுத்திப் பேசிய இவர்கள்மேல்தான். பிறந்த நாளைச் சபித்து, அவரோடு வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினான் என்று அவரே சொல்கிறார். ஆனால் ஏன் இப்படி நடந்தது என்ற காரணத்தை அவர் யோபுவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரே சொல்லாத காரணத்தை நாம் எப்படி ஒரு தாயிடம் போய்ச் சொல்ல முடியும்?

நம் அடக்க ஆராதனைகளில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனம் தவறாமல் வரும். அது யோபு புத்தகத்தின் முதல் அதிகாரம். யோபு அதை உண்மையாகவே சொன்னான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் 41 அதிகாரங்கள் இருக்கின்றன. பிறந்த நாளை அவன் சபிக்கிற மூன்றாம் அதிகாரத்தின் கதறலை எந்த அடக்கத்திலும் வாசித்து நான் கேட்டதில்லை. அழுகிறவர்களுக்கு வேதத்தில் இருக்கிற வார்த்தைகளை நாமே மறைத்து வைத்துக்கொண்டு, விசுவாசக் குறைச்சல் என்று அவர்களைக் குற்றப்படுத்துகிறோம். சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டவரையும் அப்படிச் சொல்வோமா?

அந்த நாட்களில் தங்கைக்கு உதவியாக இருந்தது பக்கத்துத் தெரு அம்மா ஒருவர். தினமும் காலையில் வந்து கஞ்சி காய்ச்சுவார், பாத்திரம் கழுவுவார், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். வசனம் ஒன்றும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் பிள்ளையின் முதல் வருட நினைவு ஆராதனை. சங்கீதம் 88-ஐ வாசிக்க வேண்டும் என்று தங்கை கேட்டிருக்கிறாள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது கடைசி வரி வரை இருட்டிலேயே நிற்கும். எங்கள் ஆயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, முழுவதும் வாசிக்கலாம் என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை