படத்தில் அந்த இளைஞர் நிற்கும் இடத்தின் அடியில் பாறை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில், பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டுடன் ஏறி, ஒரே நாளில் சறுக்கித் திரும்புவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். அந்த மலை தெரியும் ஊரில் பதினோரு ஆண்டுகளாக வசிப்பவன், ஏழு முறை அதில் ஏறிச் சறுக்கியவன் என்ற முறையில் கட்டுரையின் உற்சாகம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அதனுடன் வெளியான படத்தைப் பார்த்ததும் மனம் பதறிவிட்டது. எரிமலை வாயின் விளிம்பில், கைகளை விரித்தபடி ஓர் இளைஞர் நிற்கும் படம் அது. அவர் நிற்கும் இடத்தின் அடியில் பாறை இருக்க வாய்ப்பில்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1980 மே 18 அன்று இம்மலையின் வடக்குப் பக்கம் முழுவதுமாகச் சரிந்து வெடித்ததில் 57 பேர் உயிரிழந்தனர். 2,950 மீட்டராக இருந்த உயரம் 2,549 மீட்டராகக் குறைந்தது. பெரிதும் சிதையாமல் நின்ற தெற்குச் சரிவில்தான் இன்று பனிக்காலத்தில் மக்கள் ஏறுகிறார்கள். உயரத்தில் நம் தொட்டபெட்டாவை விடச் சற்றுக் குறைவு என்பதால் இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மார்பிள் மவுண்டன் வாகன நிறுத்தத்திலிருந்து புறப்பட்டால் போக வர 19 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் மட்டும் 1,700 மீட்டருக்கு மேல். லிஃப்ட் கிடையாது. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்பிளிட்போர்டின் அடியில், பின்னோக்கி வழுக்காத பட்டைகளை ஒட்டிக்கொண்டு, விடியுமுன் தொடங்கி ஏழெட்டு மணி நேரம் நடந்தே ஏற வேண்டும்.

இனி அந்த விளிம்பு. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. தெற்குச் சரிவில் விழும் பனியை அது வாரி எடுத்துச் சென்று, உச்சியைத் தாண்டியதும் எரிமலை வாய்ப் பக்கமாகப் படியவைக்கிறது. படியப் படிய அந்தப் பனி, சுவரிலிருந்து நீளும் சன்ஷேடு போல, பாறையைக் கடந்து வெற்றுவெளியில் பல மீட்டர் நீண்டுவிடுகிறது. கம்பி கட்டாத, கீழே தாங்கல் இல்லாத சன்ஷேடு அது. தெற்கிலிருந்து ஏறி வருபவருக்கு அது தெரிவதேயில்லை. மலை இன்னும் சில அடி தொடர்வது போலவே தோன்றும். அதன் கீழே சுமார் 600 மீட்டர் ஆழத்தில் எரிமலை வாயின் தரை கிடக்கிறது.

நான் முதன்முறை சென்றது ஓர் ஏப்ரல் மாதத்தில். வாயின் நடுவிலுள்ள எரிகுழம்புக் குன்றிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், பலகையைக் கழற்றி வைத்துவிட்டு முன்னே நடந்தேன். பின்னால் வந்த மூத்த நண்பர், "அசையாதீர்கள், வந்த தடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள்" என்று குரல் கொடுத்தார். திரும்பிப் பார்த்தபோது பனியில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு, விரல் அகலத்தில், உள்ளே நீல இருட்டாகத் தெரிந்தது. அந்தக் கோடு எனக்கு முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. என் காலடித் தடங்கள் அதைத் தாண்டி வந்திருந்தன. திரும்பி நடந்த அந்த ஆறு அடிகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எல்லோருக்கும் அந்தக் குரல் கேட்பதில்லை. 2010 பிப்ரவரியில் இதே விளிம்பில் நின்றிருந்த மலையேற்றக்காரர் ஒருவர், பனி உடைந்து எரிமலை வாய்க்குள் விழுந்து இறந்தார். 2024 மார்ச் இறுதியில் மற்றொருவரும் அவ்வாறே விழுந்து இறந்தார். இருவருமே இம்மலையில் பலமுறை ஏறிப் பழகியவர்கள்.

மதுரையிலிருந்து பேசும் என் தாயார் ஒவ்வொரு முறையும், "மலை புகையுதாப்பா?" என்றுதான் கேட்பார். எரிமலை என்றதும் நாம் நெருப்பையே அஞ்சுகிறோம். நெருப்பைக் கவனிக்க நான் வசிக்கும் வான்கூவர் நகரிலேயே அரசின் எரிமலை ஆய்வகம் இருக்கிறது. நில அதிர்வு மானிகள் இரவு பகலாக அதைக் கண்காணிக்கின்றன. விளிம்புப் பனி எந்த நிமிடம் உடையும் என்று சொல்லும் கருவி எதுவும் இல்லை.

பனிச்சரிவைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லாதது வருத்தமளிக்கிறது. சறுக்குவதற்கு இன்பமான 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளே பனி திரண்டு பெயர்வதற்கும் ஏதுவானவை. வசந்த காலத்தில், இரவில் உறைந்த பனி வெயிலில் மேலாக இளகும் ஓரிரு மணி நேரமே சறுக்க ஏற்றது. அதைத் தவறவிட்டால் ஈரப்பனி கனத்துச் சரியத் தொடங்கும். ஆகவே வடமேற்குப் பனிச்சரிவு மையம் ஐந்து படிநிலைகளில் வெளியிடும் முன்னறிவிப்பைப் படிக்காமல் பனிக்காலத்தில் இங்கே யாரும் புறப்படலாகாது. குழுவில் ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியான பீக்கன், பனிக்குள் குத்தித் துழாவும் கோல், மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்க உடன் வந்தவர்களால்தான் முடியும். மீட்புப் படை வந்துசேரப் பல மணி நேரமாகும்.

சியாட்டில், போர்ட்லாந்து பகுதிகளில் பணிபுரியும் தமிழ் இளைஞர்கள் பலர் இப்போது இம்மலைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் ஊரிலுள்ள அவர்களது பெற்றோரும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். எனவே அந்தப் படத்தைப் பற்றிய விளக்கக் குறிப்பு ஒன்றை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன். விளிம்பிலிருந்து நன்கு பின்தள்ளி நின்று எடுத்த படங்கள் என்னிடம் உள்ளன, தேவையெனில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வான்கூவர், வாஷிங்டன் மாநிலம்.